கிணற்றுக்கு இருபத்திரண்டு அடி

பாறைக்கொல்லை காலனித் தெருவில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேன்கள் வந்து இறங்கினால், அந்த வீட்டில் யாருக்கோ கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். திண்டிவனத்திலிருந்து மினி வேனில் வரும் அந்த நீலக் கேன்களைப் பின்பக்கமாகத் தூக்கிப்போய், தண்ணீரைச் செம்புக் குடத்தில் ஊற்றி, குடத்தின் கழுத்தில் ஈரத்துணி சுற்றி, எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் என்று பெண் வீட்டாருக்குக் கொடுப்பது இருபது வருடப் பழக்கம். காலிக் கேன்கள் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விடும். தண்ணீர் சரியில்லாத ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

மலர்விழியும் அப்படி வந்தவள்தான். எட்டு வருடங்களுக்கு முன் கண்டாச்சிபுரத்திலிருந்து அவள் அப்பா இந்த வீட்டைப் பார்க்க வந்தார். இரண்டு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, பெண்ணுக்குத் தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்று பஸ்ஸில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனார். கல்யாணமான மூன்றாம் நாள் காலையில் மாமியார் ஜெயம் கொடுத்த சேறு கலந்த கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் மலர்விழி விழித்தபடி நின்றாள். கட்டிய புருஷன் அறிவுச்செல்வன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு பேசினாள். பேசாமல் இருக்க முடியாத முகம் அவனுக்கு.

இப்போது கேன்கள் வந்திருப்பது அவள் கொழுந்தன் பிரான்சிஸுக்காக.

பிரான்சிஸ் கொத்தனார். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாடி கட்டப் போனவன், அங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அஸ்வினியைப் பார்த்துவிட்டு வந்தான். மாடி நான்கு மாதத்தில் முடிந்தது. போன் பேச்சு இரண்டு வருடம் ஓடியது. அந்தப் போன் பேச்சில் பாதி, அஸ்வினி அண்ணிக்காரி மலர்விழியோடு பேசியதுதான். வெட்கப்பட்டவனைப் பேச வைத்தது அவள், மாமனார் சவுரிராயனைச் சம்மதிக்க வைத்தது அவள், அஸ்வினியின் ஊரான அனந்தபுரத்துக்கு ஆள் அனுப்பியதும் அவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொன்ன நாளில், ஜெயம் மருமகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

ஆனால் அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் மலர்விழி சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் வீட்டுக் கக்கூஸ் குழியை முதலில் மூடுகிறோம் என்று சொல்லியிருந்தாள்.

அந்தக் கதை மூன்று வருடத்துக் கதை. ஊரும் காலனியும் சேர்ந்து நீர்வடிப்பகுதிச் சங்கம் ஆரம்பித்து, மேட்டுக்கொல்லையில் ஓடும் மழைத்தண்ணீரை ஓடவிடாமல் மடக்கினார்கள். சரிவில் குறுக்கே கல் வரப்பு போட்டார்கள். மழைத்தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்க, காலனிக்கு மேலே ஒரு பெரிய கசிவுக்குட்டை வெட்டினார்கள். மலர்விழியும் கூடை சுமந்தாள். முன்பெல்லாம் நாற்பது அடிக்குக் கீழே சேறும் தண்ணீருமாகக் கிடந்த காலனிக் கிணற்றில், இரண்டாம் வருட மழைக்கே பன்னிரண்டு அடியில் தண்ணீர் நின்றது. சவுரிராயன் கிணற்றுக்கு மாலை போட்டார். பெண்கள் எட்டிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

தண்ணீர்ப் பரிசோதனைக்கென்று சங்கம் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அதில் மலர்விழி ஒருத்தி. பெட்டியில் சின்னச் சின்ன பாட்டில்கள் இருக்கும். கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து மூடி, இரண்டு நாள் வைக்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் குடிக்கலாம். கறுத்துவிட்டால் தண்ணீரில் மனிதக் கழிவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். மாலை போட்ட கிணற்றின் பாட்டில் மை மாதிரி கறுத்தது. கை சுத்தமாக இல்லை போலிருக்கிறது என்று மறுபடி பிடித்தாள். மறுபடியும் கறுத்தது. அந்த மழைக்காலத்தில் தெருவில் ஒன்பது பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒன்பதில் ஒன்று அவளுடைய ஆறு வயது அருணா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சள் கண்களால் அம்மாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த பதினோரு நாளை மலர்விழி இன்னும் மறக்கவில்லை.

காரணம் தெரிய வெகுநாள் ஆகவில்லை. கிணற்றைச் சுற்றியிருக்கும் பதினோரு வீட்டுக் கக்கூஸ் குழிகள். இடம் நெருக்கடியான தெரு என்பதால் கொல்லையில் கிடைத்த மூலையில் சிமெண்ட் உறை இறக்கிக் கட்டியவை. கட்டியபோது கிணற்றுத் தண்ணீர் நாற்பது அடிக்குக் கீழே கிடந்தது. தண்ணீர் ஒருநாள் மேலே ஏறி வந்து குழியைத் தொடும் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. குட்டையை வெட்டித் தண்ணீரை ஏற்றியவர்களும் இவர்களே. அந்தத் தண்ணீரில் நனையக் குழியைத் தோண்டி வைத்திருந்தவர்களும் இவர்களே. பதினொன்றையும் கட்டியவன் பிரான்சிஸ். அவனுடைய முதல் காண்டிராக்ட். கிணற்றுக்கு மிக அருகில் இருந்தது அவன் சொந்த வீட்டுக் குழி. மலர்விழி டேப் பிடித்து அளந்தாள். இருபத்திரண்டு அடி.

சங்கத்தில் பேசி முடிவெடுத்தார்கள். தெருவுக்குக் கிழக்கே, பள்ளமான பக்கத்தில் ஒரே பொதுத் தொட்டி. பதினோரு வீட்டிலிருந்தும் அதற்குப் பைப். வேலை இருபது நாள். பழைய குழிகளை முதலில் மூடினால்தான் அந்த வழியாகப் பைப் இறக்க முடியும். எல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டும். பைப் வந்து ஒரு மாதமாகத் தெருவோரம் கிடக்கிறது, முதல் குழியை மூட யாரும் முன்வரவில்லை. பக்கத்து வீட்டு முனியம்மாள்தான் எல்லோர் சார்பாகவும் வாயைத் திறந்தாள்.

"சொல்றவங்க வூட்டுது மொதல்ல ஒடையட்டும். அப்பறம் நாங்க ஒடைக்கிறோம்."

அதற்குத்தான் மலர்விழி எழுந்து நின்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் சவுரிராயன் சுண்ணாம்பு வாளியோடு கிணற்றடிக்குப் போனார். கிணற்றுச் சுவரில் மலர்விழி சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்த 'குடிக்க உகந்ததல்ல' என்ற எழுத்துகளின் மேல் இரண்டு பூச்சு பூசிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டே மருமகளைப் பார்க்காமல் பேசினார். பெண் வீட்டார் இந்தக் காலத்தில் முதலில் கேட்பது தண்ணீரை, இரண்டாவது கேட்பது பாத்ரூமை. இரண்டும் இல்லை என்று எந்த மூஞ்சியோடு சொல்வது என்றார். குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது.

"கல்யாணம் முடியட்டும் மலரு. தை மாசம் நானே நின்னு மூடித் தர்றேன்."

"மழ தை மாசம் வரைக்கும் காத்துக்கினு இருக்குமா மாமா? போன வருசம் ஒம்போது புள்ளைங்க. இந்த வருசம் எந்த வூட்டுப் புள்ளன்னு நீங்களே சொல்லுங்க."

சவுரிராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மாவு சலித்துக்கொண்டிருந்த ஜெயம், நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காமல் இரு தாயே என்றாள். பிரான்சிஸ் மூலையில் உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. மலர்விழி அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கட்டிக்கொடுத்த ஆசை அது. அதை அவளே உடைப்பதா?

மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் அறிவுச்செல்வன் சாப்பிட வந்தான். சோறு போடும்போதே அவள் முகத்தைப் படித்துவிட்டான்.

"நீ பேசினா எனக்கு பேஜாரு. பேசாம இருந்தா உனக்கு பேஜாரு. எது தேவலைன்னு பாக்கறேன்" என்றான். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "உனக்குத்தான் தூக்கம் வராது. நான் எப்படியும் தூங்கிடுவேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனிடம் அதற்கு மேல் சம்மதம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு பதினோரு மணிக்கு அனந்தபுரத்துக்காரர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா முருகையன், அரசுப் பஸ் ஓட்டி ஓய்வு பெறப்போகிறவர். இரவல் வாங்கிய காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய அக்கா கலையரசி, அஸ்வினியை அம்மா இல்லாத குறை தெரியாமல் வளர்த்தவள். வீடு பார்க்கும் நாளில் பெண்ணைக் கூட்டி வருவது வழக்கமில்லை. ஆனால் குடியிருக்கப்போகிறவள் நான்தானே என்று கேட்டு, மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையோடு அஸ்வினி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாளாம். கலையரசி அதைப் பெருமையாகவும் சொன்னாள், புகாராகவும் சொன்னாள்.

ஜெயம் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். முருகையன் அண்ணாந்து குடித்துவிட்டு, தண்ணீர் கல்கண்டு மாதிரி இருக்கிறது என்றார். கலையரசி எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கொல்லையில் பிரான்சிஸ் ரோஸ் டைல்ஸ் ஒட்டிக் கட்டியிருந்த பாத்ரூமைத் திறந்து, குழாயைத் திருகி, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வந்து உட்கார்ந்தாள். சவுரிராயனின் நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்தது. கேசரித் தட்டுகள் வந்தன. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. மலர்விழிக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

கலையரசி தன் பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து, வழிக்கு இந்தத் தண்ணீரையே பிடித்துக் கொடுக்கச் சொன்னாள். அஸ்வினி மலர்விழியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கலையரசியிடம் சொன்னாள்.

"அக்கா எங்கிட்ட எதையும் மறைச்சதே இல்ல அத்த. இந்த வூட்டுல எத்தன கோழின்னுகூட எனக்குத் தெரியும்."

மலர்விழி பாட்டிலை வாங்கவில்லை. உள்ளே போனாள். அலமாரியிலிருந்து கறுத்துப் போன பரிசோதனை பாட்டிலை எடுத்து வந்து, கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க குடிச்சது கேன் தண்ணிங்க. திண்டிவனத்துல வாங்கினது. எங்க கெணத்துத் தண்ணி இதுதான்."

முருகையனின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. ஜெயம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சவுரிராயன் 'மலரு' என்று ஒரு வார்த்தை சொன்னார்.  மலர்விழி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குட்டையையும் குழியையும் சொன்னாள், ஒன்பது பிள்ளைகளைச் சொன்னாள், இருபத்திரண்டு அடியைச் சொன்னாள். நாளை காலை இந்த வீட்டுக் குழியை மூடப்போகிறோம், இருபது நாளைக்கு இந்த வீட்டில் பாத்ரூம் கிடையாது என்றும் சொன்னாள். 

"இதெல்லாம் எதுக்கும்மா எங்ககிட்ட சொல்லிக்கினு?" என்றாள் கலையரசி. "நாங்க கேட்டமா?"

"நீங்க கேக்கல. எங்கப்பாவும் கேக்கல. கேக்கலன்னுதான் எல்லாரும் ஊத்திக் குடுத்துக்கினே இருக்கறோம்."

முருகையன் கெட்டவர் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு வழி சொன்னார். நாங்கள் எதையும் கேட்காத மாதிரி போய்விடுகிறோம். குழி இருக்கிறபடி இருக்கட்டும். தை மாதம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, கோடையில் நிதானமாகப் புதுத் தொட்டி கட்டுங்கள். பெண் வந்து இறங்கும் வீட்டில் ஒரு பாத்ரூம்கூட இல்லை என்று என் சொந்தக்காரர்களிடம் என்னால் சொல்ல முடியாது. சவுரிராயன் வேகமாகத் தலையாட்டினார். ஜெயம் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"முடியாதுங்க" என்றாள் மலர்விழி. "மழைக்கு இன்னும் ஒரு மாசங்கூட இல்ல, வேலையே இருபது நாளு. எங்க குழி மூடலன்னா தெருவுல ஒருத்தரும் மூட மாட்டாங்க."

"அப்ப பேச்சு இதோட நிக்கும்மா. இதுக்கு நீதான் பொறுப்பு."

 எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மாமனார் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடிந்தது. திரும்பி பிரான்சிஸைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அவன் கல்யாணம் இது. அவன் வேண்டாம் அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பிரான்சிஸ் எழுந்து நின்றான். முதலில் அஸ்வினியைப் பார்த்தான். பிறகு முருகையனைப் பார்த்தான்.

"அந்தக் குழிய கட்டினது நான்தாங்க. எங்க அண்ணன் பொண்ணு பதினோரு நாளு படுத்துக்கினு இருந்தது நான் கட்டின குழியால. அத வெச்சிக்கினு கல்யாணம் பண்ண எனக்கு இஷ்டம் இல்ல." அண்ணி பக்கம் திரும்பினான். "கடப்பாரை கோழிக்கூண்டுக்குப் பின்னால கீது. நாளைக்கு எதுக்கு?"

மலர்விழி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பாத்ரூமிலிருந்து குழிக்குப் போகும் பைப் சுவரோரம் மண்ணுக்கு மேலே தெரிந்தது. முதல் குத்து வழுக்கி மண்ணில் இறங்கியது. இரண்டாவதில் பைப் விரிந்தது. மூன்றாவதில் உடைந்து துண்டாக விழுந்தது. பிறகு பிரான்சிஸ் வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டு அவளிடமிருந்து கடப்பாரையை வாங்கினான். மிச்சத்தை அவன் பெயர்த்தான். அறிவுச்செல்வன் குழியில் கொட்டுவதற்காகக் கொல்லை மூலையில் இருந்த சுண்ணாம்பு மூட்டையை இழுத்து வந்து போட்டான்.

சத்தம் கேட்டு முனியம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னாடி மலரு, பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு எல போடாம கொல்லையில கொத்தனார் வேல பாத்துக்கினு கீற?"

"நீதான அத்த கேட்ட, சொல்றவங்க வூட்டுது ஒடையட்டும்னு. ஒடைஞ்சிடுச்சி. வந்து நல்லா பாத்துக்கோ. உன்னுது எப்போன்னு சொல்லு."

முனியம்மாள் உடைந்த பைப்பைப் பார்த்தாள். வாசல் பக்கம் எட்டி, கிளம்பிக்கொண்டிருந்த விருந்தாளிகளைப் பார்த்தாள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

முருகையன் காருக்குப் போய்விட்டிருந்தார். கலையரசி செருப்பை மாட்டிக்கொண்டே, இந்தக் காலத்திலும் கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு வாழப்போக என் பெண்ணுக்கு என்ன தலையெழுத்தா என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். சவுரிராயன் கைகளைக் கூப்பியபடி அவள் பின்னாலேயே நடந்தார். மலர்விழி சுண்ணாம்புக் கையோடு வாசலுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கேட்டால் உடைத்ததற்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

அஸ்வினி காரில் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இருபது நாளும் நீங்கல்லாம் எங்க போவீங்க?"

கிழக்கே பள்ளத்துப் பக்கம் சங்கத்தில் தகரம் அடித்து நான்கு மறைப்பு போட்டிருக்கிறோம், அடியில் சிமெண்டுத் தொட்டி வைத்தது, கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று மலர்விழி சொன்னாள். போட்டு ஒரு மாதமாகிறது, இன்னும் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் போகவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

"எனக்குக் காட்டுங்க."

"அஸ்வினி, வண்டியில ஏறு" என்றார் முருகையன்.

"காலையில ஆறு மணிக்குக் கிளம்பினதுப்பா. பூசை, அப்பறம் கார். எனக்கு இப்ப போயே ஆவணும். இவங்க பாத்ரூமத்தான் ஒடைச்சிட்டாங்களே."

சொல்லிவிட்டுப் பட்டுப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நடக்க ஆரம்பித்தாள். மலர்விழி ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். பதினோரு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.  நடுவில் ஒரு ஆடு மட்டும் கத்தியது. அஸ்வினியின் காது மடல் சிவந்திருந்ததை மலர்விழி கவனித்தாள். ஆனால் தலை குனியவில்லை. மறைப்பு வந்ததும் மலர்விழி வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, தகரக் கதவுக்கு வெளியே திரும்பி நின்றுகொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது முனியம்மாள் வீட்டு வாசலில் ஆள் இல்லை. அவள் கொல்லையிலிருந்து தட், தட் என்று சத்தம் கேட்டது. கடப்பாரை கிடைக்காமல் அம்மிக்குழவியை எடுத்துக்கொண்டு போயிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

முருகையன் இன்னும் கார்க் கதவருகில்தான் நின்றார். ஏறவில்லை. அஸ்வினி அவரைத் தாண்டிப்போய், சட்டையெல்லாம் மண்ணாக நின்ற பிரான்சிஸின் எதிரில் நின்றாள். ஒரு வகுப்பறைக்கே கேட்கிற குரல் அவளுக்கு.

"அந்த மறைப்புல உள்பக்கம் தாப்பாள் விழ மாட்டேங்குது. தெருவே இருபது நாளு போவப்போவுது. கொத்தனார்னு பேரு வெச்சிக்கினு, அத மொதல்ல பாருங்க."

பிரான்சிஸ் ஸ்குரு டிரைவர் தேட வீட்டுக்குள் ஓடினான். கலையரசி காருக்குள்ளிருந்து இறங்கி, இவ முடிவு பண்ணிட்டாடா என்று தம்பியின் காதில் சொன்னாள். முருகையன் கார்க் கதவைச் சாத்தினார்.

"எத்தன அடி பைப்பு இறக்கறீங்க?" என்று சவுரிராயனைக் கேட்டார்.

சவுரிராயனுக்குத் தெரியவில்லை. மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.